பல்பு எதை எடுத்துக்கொள்கிறது?

அன்பு மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆடியில் பதில் போடுகிறேன். திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னைத்தான் இரண்டு முறை கேட்டார்கள்.

சரி, விஷயம் வேறு. பாடக் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று கட்டம் போட்டிருக்குமே, பரீட்சைக்கு வராது என்று நாம் தாண்டிப் போவோமே, அதில் கைவைத்திருக்கிறேன். ஃபெட் (PhET) என்ற இணையதளம், அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலும் பல சோதனைகள் இருக்கின்றன. நெட் வராது என்று சாக்குச் சொல்லாதே. வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் நெட் இல்லாமலே ஓடும்.

போன செவ்வாய் பத்தாம் வகுப்பில் கேட்டேன்: "பல்புக்குள் போகிற மின்னோட்டம் அதிகமா, வெளியே வருகிறது அதிகமா?" நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் திரையைத் திறந்தேன். ஏறக்குறைய எல்லோரும் போவதுதான் அதிகம் என்று எழுதியிருந்தார்கள். பல்பு கொஞ்சம் தின்றுவிடுமாம். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, இரண்டு பக்கமும் மின்னோட்டத்தை அளக்க ஒவ்வொரு அம்மீட்டர். இரண்டிலும் 0.90 ஆம்பியர். நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஊர்கின்றன. வகுப்பே கப்சிப். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ பல்பு எதைத்தான் சார் எடுத்துக்குது?" என்றான்.

மாப்ளே, இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. சைக்கிள் செயினைச் சொன்னேன். செயின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தேய்ந்து தீர்வதில்லை. நீ மிதித்த ஆற்றல்தான் சக்கரத்துக்குப் போகிறது. பல்பும் அப்படித்தான், மின்னோட்டத்தை அல்ல, ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்கிறது. அவன் முகம் தெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நம் பழைய வாத்தியார் 'பீரோ சாவி' சாரிடம் நாம் இதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்!

ஆனால் மறுநாள் நடந்தது மனசை அறுக்கிறது. டார்ச் செல், பல்பு, வயர் எல்லாம் கையில் கொடுத்தேன். திரையில் மூன்று பல்பை ஒரு நிமிஷத்தில் எரியவைத்த பெண்ணுக்கு இங்கே ஒன்றுகூட எரியவில்லை. வயர் முனையில் பிளாஸ்டிக் உறையைச் சீவவே இல்லை. திரையில் வயருக்கு உறை ஏது? செல்லைத் தொடவும் பயந்தாள். பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், அதைப் பார்த்திருக்கிறாள். 1.5 வோல்ட் செல் ஷாக் அடிக்காது என்று நான் பிடித்துக் காட்டிய பிறகுதான் தொட்டாள். பக்கத்துப் பையனோ நேர் எதிர். தீ வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்கிறான். வீட்டு பிளக்கில் 230 வோல்ட், மாப்ளே. அங்கே அழிக்கிற பொத்தான் கிடையாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் இப்போது இரண்டையும் ஒரே பீரியடில் வைத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானுக்குத் திரை, மற்றதற்கெல்லாம் கை. எரியாத பல்பு ஏன் எரியவில்லை என்று தேடுவதற்குத் தனியாகப் பத்து நிமிஷம்.

நீயும் உன் வகுப்பில் அந்த ஒரு கேள்வியைக் கேள். திரையைத் திறக்கும் முன் நோட்டில் எழுதவை, மறக்காதே. என்ன எழுதினார்கள் என்று எனக்கு எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ளே