அட்டையில் இருக்கும் பெயர் தேடலில் இல்லை: மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மென்பொருள் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் உதவித்தொகை இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும் பெயரைத் தேடினால் வராத சிக்கல் உங்களுக்குப் புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கத்தில் கணினி மையம் வைத்திருக்கும் பலரும் புகார் எழுதிவிட்டோம். 'பெயரைச் சரியாக உள்ளிடவும்' என்று எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது. சரியாகத்தான் உள்ளிட்டோம் ஐயா.

போன வாரம் உசிலம்பட்டியில் என் கடைக்கு ஒரு அப்பத்தா வந்தார். பொன்னுத்தாய் என்று வைத்துக்கொள்வோம்; நிஜப் பெயரிலும் இதே 'பொ' உண்டு. நீங்கள் அச்சடித்துக் கொடுத்த அட்டை கையிலேயே இருந்தது. அதிலுள்ளபடி செயலியில் தட்டினேன். 'பதிவு இல்லை'. சரி, புதிதாகப் பதியலாம் என்று போனால், 'இந்த ஆதார் எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது'. தேடினால் இல்லாதவர், பதியப் போனால் இருப்பவர்!

"ஏப்பா, நாந்தான் இங்கன நிக்கிறேன்ல, பெறகு எப்படி இல்லேங்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தவர், உதவித்தொகை ஏன் நின்றது என்று தெரியாமலே பஸ் ஏறினார்.

அவர் போன பிறகு, உங்கள் தளத்தின் ஊர்ப் பட்டியலில் இருந்த அவர் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். உடனே வந்துவிட்டார். இரண்டு பெயர்களின் குறியெண்களையும் (ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்) பிரித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இந்த எண்களைத் தரும் பொது முறையான யூனிகோடில் 'ொ' என்பதை 0BCA என்ற ஒரே குறியாகவும் எழுதலாம்; 'ெ' 0BC6, 'ா' 0BBE என்று இரண்டு குறிகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டியலில் ஏற்றியது இரண்டு குறி வடிவம், என் கைபேசி விசைப்பலகை தந்தது ஒரு குறி வடிவம். உங்கள் நிரல் குறியெண்ணை மட்டும் ஒப்பிட்டுவிட்டு வேறு ஆள் என்று முடிவு கட்டுகிறது.

இது உலகம் அறியாத நோயும் அல்ல. என்.எஃப்.சி. என்ற இயல்பாக்க முறை இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் இதைச் செய்யும் 'நார்மலைஸ்' கட்டளை 2015 முதல் இருக்கிறது. ஜாவா மொழியில் 2006-இல் வந்த 6-ஆம் பதிப்பிலேயே உண்டு. ஆகவே கேட்பது இதுதான்: பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இயல்பாக்குங்கள். ஏற்கெனவே சேர்ந்துகிடக்கும் பதிவுகளையும், காப்பு நகல் எடுத்துக்கொண்டு, ஒருமுறை இயல்பாக்குங்கள். புதிய பெயர்களுக்கு மட்டும் செய்தால் அப்பத்தாவுக்கு ஒரு பயனும் இல்லை. ('கௌசல்யா'வின் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டியவர்களை இது காப்பாற்றாது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.)

பெயர்ப் பெட்டியின் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 15 குறிகளோடு நிறுத்திவிடுகிறீர்கள். கண்ணுக்கு 9 எழுத்தாகத் தெரியும் மீனாட்சிசுந்தரம், உங்கள் கணக்கில் 16 குறி. கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'மீனாட்சிசுந்தரம' என்று அட்டை வருகிறது. அந்த அட்டையோடு வங்கிக்குப் போனால் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். மதுரைக்கென்று எழுதிய செயலியில், மீனாட்சிசுந்தரத்துக்கு இடமில்லை! சோதனைக்கு என்ன பெயர் போட்டுப் பார்த்தீர்களோ? 'ஏபிசி' என்றுதான் இருக்கும். அவருக்கு உதவித்தொகை தடையில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அளவைப் பிறகுகூட மாற்றிக்கொள்ளலாம். தேடலை முதலில் சரிசெய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சேமிப்பு, தேடல், பழைய பதிவுகள், மூன்றிலும்.

பொன்னுத்தாய், கொண்டம்மாள், கோமதி, சோலையம்மாள் என்று இந்தப் பக்கத்தில் புழங்கும் பெயர்களை இரண்டு வடிவத்திலும் தட்டிய கோப்பு ஒன்றை உங்கள் உதவி மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சோதனைத் தளத்தில் ஏற்றித் தேடிப் பாருங்கள். இந்த முறையாவது, வார்ப்புருப் பதில் வேண்டாம். எந்த வாரத்தில் சரியாகும் என்று எழுதுங்கள். அந்த வாரம் அப்பத்தாவை மறுபடி வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டியில் கணினி மையம் நடத்தும் ஒருவன்