தமிழ் நிலையங்களின் ஒலிநாடாக்கள்: பிரசார் பாரதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னை, திருச்சி, திருநெல்வேலி, கோவை உள்ளிட்ட உங்கள் பொறுப்பிலுள்ள அகில இந்திய வானொலியின் தமிழ் நிலையங்களில் இருக்கும் பழைய பதிவுகளின் பட்டியலை மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். பேச்சு, நாடகம், வேளாண் நிகழ்ச்சி ஆகியவற்றின் பதிவுகளையும் இசைப் பதிவுகளுக்குக் காட்டும் அதே அக்கறையோடு கணினிக்கு மாற்றிக் காக்க வேண்டும். இவ்விரண்டையும் வேண்டியே இம்மடலை எழுதுகிறேன்.

சென்னையில் வானொலி முதலில் ஆர்வலர்களின் முயற்சியாகவே பிறந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இல் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் ஒலிக்கத் தொடங்கின. அக்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலையாகவே சென்றன. காந்த ஒலிநாடா பின்னாளில்தான் வந்தது. ஆகவே அந்தக் குரல்கள் காற்றோடு போனதற்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது. நாடாவில் ஏறிய குரல்களை இழந்தால் அதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

1960களின் பிற்பகுதியில் தஞ்சை உழவர்கள் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அந்த அளவுக்கு அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி வழியாகக் கேட்டறிந்து வயலில் இறங்கினார்கள். உழவர்களும் வேளாண் அலுவலர்களும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசிய பேச்சில் அன்றைய காவிரிப் படுகையின் வட்டாரத் தமிழும், உரம், பூச்சி, நீர்ப்பங்கீடு பற்றிய அன்றைய கவலைகளும் இருந்தன. அந்தக் கவலைகளை அவர்கள் குரலிலேயே கேட்க வானொலிப் பதிவைக் காட்டிலும் நேரடியான சான்று ஏது? இதே வேளாண் நிகழ்ச்சிப் பணியிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன், அவருடைய ‘இன்று ஒரு தகவல்’ காலை வேளைகளில் எத்தனையோ வீடுகளில் ஒலித்தது. தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்திகள் தமிழ் உச்சரிப்புக்கு ஓர் அளவுகோலாக விளங்கின. இவற்றையெல்லாம் கச்சேரிப் பதிவுகளுக்கு அடுத்த படியில் வைப்பது தகாது என்பது என் உறுதியான கருத்து.

காலம் அதிகமில்லை என்பதையும் வாரியம் கருத்தில் கொள்ள வேண்டும். அசிடேட் நாடா சிதையத் தொடங்கினால் பெட்டியைத் திறந்தவுடனே புளித்த காடியின் வாடை வீசும், நாடா சுருங்கி நெளியும். பிற்காலப் பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் காந்தப் பொடியைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகி, ஓடவிட்டால் இயந்திரத்தில் ஒலியைப் படிக்கும் முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதை விரைவுபடுத்தும். நாடாவோடு, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் காக்க வேண்டும்: பேசியவர் பெயர், தலைப்பு, பதிவான நாள், நிமிடக்கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கும், அது உதிர்ந்துவிட்டால், மிஞ்சும் ஒலி யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது.

உரிமைச் சிக்கல் உண்டு என்று அலுவலர்கள் சொல்வது நியாயமே. ஒலிபரப்புக்கான உரிமை 25 ஆண்டுகளில் முடிந்தாலும், நாடகத்தையோ கதையையோ எழுதியவரின் பதிப்புரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. அதை மதித்தே ஆகவேண்டும். ஆனால் பட்டியலை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிலைய ஊழியர்களே எழுதிப் பேசிய நிகழ்ச்சிகளிலும் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது. பல்வேறு பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தருவதை உங்கள் நோக்கங்களுள் ஒன்றாக 1990ஆம் ஆண்டுப் பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. அந்த இடம் பழைய பதிவுகளுக்கும் உரியதே.

ஆகவே, முதல் வேலையாக, ஒவ்வொரு தமிழ் நிலையமும் தன்னிடம் உள்ள நாடாக்களின் பெயர்ப்பட்டியலைத் தமிழிலேயே வெளியிட ஆணையிடுங்கள். ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்களையும் நிகழ்ச்சி அமைப்பாளர்களையும் மதிப்பூதியம் தந்து அழையுங்கள். சீட்டு இல்லாத நாடாவிலும் குரலைக் கேட்டு ஆளைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம், அவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். வேளாண் நிகழ்ச்சிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் பணியைத் திருச்சியிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ் வானொலி நேயர் ஒருவர்