அடுத்தவர் எழுதிய கோடிங்கைப் படிப்பதும் புராஜெக்ட்தான்

பழைய வட ஆர்க்காட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித்துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் உட்கார்ந்து 12 வருஷமாக டேட்டாபேஸ் பார்ப்பவன் எழுதுகிறேன். திறமூல டேட்டாபேஸுக்கு யாரோ எழுதி அனுப்பும் ஒரு பேட்ச்சை, அதாவது கோடிங் திருத்தத்தை, சோதித்து ரிவ்யூ எழுதுவதையும் இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் கேட்டுப் பார்த்தான். "அடுத்தவன் கோடிங்கைப் படிக்கிறதெல்லாம் புராஜெக்ட்டாப்பா?" என்று கைடு கையெழுத்துப் போடவில்லை. அதே வகுப்பில், கடையில் காசு கொடுத்து வாங்கிய நூலக மேலாண்மை மென்பொருளுக்குக் கையெழுத்து விழுந்தது. (அந்த நூலகத்தை நானும் என் காலத்தில் பார்த்திருக்கிறேன். பெயர்கூட மாறவில்லை.)

அவன் விடவில்லை. சொற்களை வேகமாக வரிசைப்படுத்தும் ஒரு பேட்ச்சை எடுத்தான். முதலில் அது ஒட்டவே இல்லை. அதற்குள் டேட்டாபேஸின் மூலநிரல் மாறிவிட்டிருந்தது. புதிய நிரலுக்குப் பொருந்தும்படி பேட்ச்சை ரீபேஸ் செய்து, கம்பைல் செய்து ஓட்டினால் டெஸ்ட் அத்தனையும் பாஸ். எல்லாம் ஆங்கிலச் சொற்கள், பின்னே? 'அவல்', 'அழகு' இரண்டையும் போட்டான். தமிழ் அகரவரிசை கேட்டும் 'அழகு' முதலில் வந்தது. எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கும் யுனிகோடில் ழ-வின் எண் 0BB4, வ-வின் எண் 0BB5. அகராதியில் வ-தான் முந்தி. பேட்ச்சின் குறுக்குவழி, மொழியைப் பார்க்காமல் அந்த எண்ணின் பைட்டைப் பார்த்திருந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒன்பது நாள் ஆனது. எழுதிய ரிவ்யூ பதினோரு வரி.

ராணிப்பேட்டையில் தோலை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்த்து ரகம் பிரிப்பவரிடம், "பதனிட்டது நீயா?" என்று யாரும் கேட்பதில்லை. கூலி கொடுக்கிறோம்.

போஸ்ட்கிரெஸ் என்ற திறமூல டேட்டாபேஸில், வந்த பேட்ச்சுகளை ரிவ்யூ செய்வதற்கென்றே 'கமிட்ஃபெஸ்ட்' நடக்கிறது. ஜூலையில் தொடங்கி மார்ச் வரை, ஒரு மாதம் விட்டு ஒரு மாதம். ஏறக்குறைய நம் கல்லூரி ஆண்டுதான். பேட்ச் கொடுப்பவர் இன்னொருவர் பேட்ச்சையும் பார்த்துத்தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். பேட்ச் மூலநிரலில் சேர்ந்தால், அப்போது எழுதும் கமிட் குறிப்பில் ரிவ்யூ செய்தவர் பெயரும் ஏறும். வைவாவில் வேறென்ன சாட்சி வேண்டும்? மாணவர் கேட்ட கேள்வி, வந்த பதில், திருத்திய பேட்ச் எல்லாம் தேதியோடு கிடக்கும். கடையில் வாங்க முடியாது.

மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பேட்ச் நிராகரிக்கப்பட்டால் மாணவருக்கு மட்டும் மார்க் குறைக்காதீர்கள்.

வரும் ஜூலைக்கு முன் எந்தச் சனிக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன். லினக்ஸ் போட்ட பத்து மெஷினும், மதியம்வரை போகாத கரண்ட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
காட்பாடி டேட்டாபேஸ்காரன்