பேயைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டு

அன்புள்ள கண்ணம்மா,

உங்கள் பேண்டின் டெமோவைக் கேட்டுவிட்டேன், நீ சொன்னபடியே ஹெட்ஃபோன் போட்டு, பாட்டு எதையும் தாண்டாமல். பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிவரும் அக்கா தங்கை, அதில் தங்கை செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, அது அவளுக்கே தெரியாது என்கிற கதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அவசரப்படுகிறீர்கள் அம்மா. இரண்டாம் பாட்டிலேயே அவள்தான் பேய் என்று பாடிவிட்டால், மிச்ச ஆல்பத்தில் நான் எதற்குப் பயப்படுவது? 1979-இல் பௌஹௌஸ் என்ற இங்கிலாந்து பேண்ட் வெளியிட்ட ‘பேலா லுகோசிஸ் டெட்’ பாட்டை எடுத்துக்கொள், கோதிக் ராக் என்கிற இருண்ட ராக் இசை அதிலிருந்துதான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் பாடகர் பீட்டர் மர்ஃபி வாய் திறக்கவே மூன்று நிமிஷம் ஆகிவிடும். அதுவரை எக்கோவில் எதிரொலிக்கும் டிரம் தட்டல், படிப்படியாக இறங்கிவரும் பேஸ் கிட்டார், அங்கங்கே கீறிவிட்டுப் போகும் கிட்டார், அவ்வளவுதான். யாரோ வரப்போகிறார்கள் என்று நாமே காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம், பயம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. உங்கள் பாட்டுகளில் அப்படி ஒரு இடமே இல்லை, எங்கே பார்த்தாலும் கிட்டார் நிரப்பி வைத்திருக்கிறீர்கள், பேஸ் அடியில் புதைந்து போயிருக்கிறது. இந்த இசையில் மெட்டைச் சுமப்பதே பல நேரம் பேஸ்தான், அதை முன்னால் கொண்டுவா. நான்காம் பாட்டில் வரும் அலறல் பதிவுத் துணுக்கை எடுத்துவிடு.

அதற்காக ஆரம்பத்தில் எதையுமே சொல்லாமல் இருக்கவும் கூடாது. கிங் டயமண்ட் பேண்டின் ‘அபிகேல்’ ஆல்பம் (1987) ஹெவி மெட்டல், கோதிக் இல்லை, ஆனாலும் பேய்க்கதையை ஆல்பமாகச் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஒரு சவ அடக்கத்தோடு தொடங்குகிறது, அப்புறம் 1845-இல் ஒரு தம்பதி பரம்பரை மாளிகைக்கு வரும்போது ஏழு குதிரைவீரர்கள் மறித்துப் போகாதே என்கிறார்கள். ஆபத்து இருப்பது முதலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அது யார் உடம்பில் எப்படி வரும் என்பதுதான் தெரிவதில்லை. இன்னொன்று, அதில் ஒரே பாடகர் உச்சக் குரலுக்கும் கட்டைக் குரலுக்கும் மாறி மாறிப் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டுகிறார். நீயும் செய்யலாமே! அக்காவைக் கீழ்க்குரலில் பாடு, தங்கையை மேலே பாடு, உண்மை தெரிகிற கடைசிப் பாட்டில் இரண்டையும் மாற்றிவிடு. வரியில் ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களுக்குத் தானாகவே புரிந்து உடம்பு சிலிர்க்கும்.

தங்கை பாடும் பாட்டுகளுக்கு மட்டும் டிரம் மெஷின் வைத்துப் பார்க்கிறாயா? சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி பேண்ட் அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பேரே வைத்து, பேண்டில் ஓர் ஆளாகவே நடத்தினார்கள். மூச்சு வாங்காத, களைக்காத அந்தத் தாளம் செத்தவளுக்குப் பொருந்தும், அக்காவின் பாட்டுகளில் உங்கள் டிரம்மரே வாசிக்கட்டும்.

இப்படி இருட்டாக எழுதுகிறாளே, மனசு சரியில்லையோ என்று நான் கவலைப்படவில்லை, உன் அம்மாவும் கவலைப்படவில்லை. தான் செத்தது தெரியாமல் அக்காவுக்குத் தலை பின்னிவிடும் ஒரு பெண்ணை யோசித்து எழுத நிறைய அன்பு வேண்டும்.

அவள் தலை பின்னிவிடும் அந்தப் பாட்டில் மட்டும் கை வைக்காதே. இரண்டாம் பாட்டை மாற்றி எழுதியதும், மிக்ஸ் முடியும்வரை காத்திருக்காமல் வெறும் குரலும் பேஸுமாகவே அனுப்பு.

அப்பா