கட்டிப்போட்ட மோட்டார்

அன்புள்ள சேது,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது என்று எழுதியிருந்தாய். மஞ்சளித்த பழைய லென்ஸ் இத்தனை நாள் நீலத்தைத்தான் வடிகட்டிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்தை மறக்காமல் போடு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆன பிறகும் அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே. ஒளியால் இயங்கும் மூலக்கூறு இயந்திரங்களைப் பற்றி. சிரிக்காதே, அதில் ஒரு வகை உன் கண்ணிலேயே இருக்கிறது. விழித்திரையில் உள்ள ரெட்டினல் என்ற மூலக்கூறு, ஒளி பட்டதும் ஓர் இரட்டைப் பிணைப்பில் வளைவு நீங்கி நிமிர்கிறது. புரதத்தோடு பிணைந்து கிடப்பதால்தான் அந்தச் சின்ன அசைவு நரம்பு வரை போகிறது. சும்மா கரைசலில் மிதந்தால் நிமிர்ந்து யாருக்கு லாபம்?

இந்தக் கட்டிப்போடுகிற விஷயம்தான் கொஞ்ச நாளாக மண்டையைக் குடைகிறது. 1999-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பென் ஃபெரிங்கா குழு, ஒரே திசையில் சுற்றும் மூலக்கூறைச் செய்தது. நடுவே அச்சாக ஓர் இரட்டைப் பிணைப்பு, இரு பக்கமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பாதிகள். புற ஊதா ஒளி பட்டால் ஒரு பாதி திரும்பும், ஆனால் நெருக்கடியான நிலையில் போய் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் சூடு கிடைத்தால் மற்றதைத் தாண்டி வழுக்கிவிடும். அப்புறம் பின்னால் வர முடியாது. பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது 'டிக்' என்று ஒரு தடுப்பு விழுமே, அதே வேலை. மறுபடி ஒளி, மறுபடி சூடு. நான்கு படியில் ஒரு முழுச்சுற்று.

சரி, சுற்றுகிறது. ஆனால் கரைசலில் எந்தப் பாதி சுற்றுகிறது, எது நிற்கிறது? சொல்லவே முடியாது. மின்விசிறியைக் கூரையில் மாட்டாமல் தரையில் போட்டு சுவிட்சைத் தட்டிய கதைதான். 2005-ல் அதே குழு மோட்டாரைத் தங்கத்தின் மேல் நட்டது. கீழ்ப்பாதிக்கு இரண்டு நீளக் கால்கள், நுனியில் கந்தகம். கந்தகம் தங்கத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் இரண்டு கால்? ஒற்றைக் காலில் நின்றால் மூலக்கூறு மொத்தமும் அந்தக் காலிலேயே சுழன்றுவிடும். ஏன் நீளம்? தங்கம் மிக அருகில் இருந்தால், மூலக்கூறு ஒளியிலிருந்து வாங்கிய ஆற்றலை அது திரும்புவதற்குள் பிடுங்கிக்கொள்ளும். பிடித்துக்கொள்ளவும் வேண்டும், எட்டியும் நிற்க வேண்டும். ஃபெரிங்காவுக்கு நோபல் பரிசு 2016-ல் வந்தது. எனக்கு என்னவோ இந்தக் கால்கள்தான் பெரிய விஷயமாகப் படுகின்றன.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. அதே 2005-ல் எடின்பரோவில் டேவிட் லீ குழு, வளையம் கோத்த நூல் போன்ற மூலக்கூறுகளைத் தங்கப் பரப்பில் பதித்தது. நூலில் ஓரிடத்தில் ஃப்ளூரின் உள்ள பகுதி. ஒட்டாத பாத்திரத்தின் பூச்சு போல அது திரவத்தை விலக்கும். துளியின் ஒரு பக்கம் மட்டும் புற ஊதா ஒளி பட்டால், அங்கே வளையம் நகர்ந்து ஃப்ளூரினை மூடிவிடுகிறது. உடனே அந்தப் பக்கம் துளி ஒட்டுகிறது, மறுபக்கம் விலகுகிறது. டைஅயோடோமீத்தேன் என்ற திரவத்தின் 1.25 மைக்ரோலிட்டர் துளி ஒன்று, 12 டிகிரி சரிவில் இப்படியே மேல்நோக்கி ஏறியது! ஏறிய தூரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் நகர்ந்த வளையம் ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டர் அளவுதான் நகர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

இனி ரத்தத்தில் ரோபோ நீந்தும் என்று பத்திரிகைகள் எழுதுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒளியால் நனையும் தன்மை மாறுகிற பரப்பு என்றால் நம்புகிறேன், அது கண்ணெதிரே நடக்கிறது.

பழைய பெட்டியைக் குடைந்தபோது நம் எம்.எஸ்ஸி. ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. ஐஸில் வைத்து அசோ சாயம் செய்து, ஒரு வாரம் விரலெல்லாம் ஆரஞ்சாகத் திரிந்தோமே. அந்தக் குடும்பத்தின் அசோபென்சீனும் ஒளி பட்டால் வளைகிற ஆசாமிதான். அப்போது நமக்கு அது வெறும் கறை. உன் கையெழுத்தில் 'விளைச்சல் 110 சதவீதம்' என்று இருக்கிறது. காயவைக்காமலே எடை போட்டிருக்கிறாய், திருடா. கறை இன்னும் போகவில்லை. பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். புதுக் கண்ணால் பார்த்து, ஆரஞ்சா மஞ்சளா என்று எழுது.

உன்,
ரகு