ஒரு கரண்ட் பில்லிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி.

ஐரோப்பிய ஒன்றியத்தை எப்படிப் பாடமாக நடத்துகிறாய் என்று கேட்டிருந்தாய். போன வருடம் சட்டம், பொருளாதாரம், வரலாறு, அரசியல் என்று நாலு ஆசிரியர்கள் ஆளுக்கு மூன்று வாரம் பிரித்துக்கொண்டோம். நாலு பேரும் நாலு பாடம் நடத்திவிட்டுப் போனோம், அவ்வளவுதான். அதையெல்லாம் ஒன்றுசேர்க்கிற வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டோம் என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் உறைத்தது.

இந்த வருடம் 1951 பாரிஸ், 1957 ரோம் என்று ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பிய சமூகங்களை உருவாக்கிய ஒப்பந்தங்களை வரிசையாகச் சொல்லவில்லை. பலகையில் '1,925 லிரா' என்று மட்டும் எழுதினேன். மிலான் வக்கீல் ஃப்ளாமினியோ கோஸ்டா கட்ட மறுத்த கரண்ட் பில் அது. 1962-ல் இத்தாலி மின்சாரக் கம்பெனிகளை அரசுடைமையாக்கி எனெல் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது, அது ரோம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று வழக்காடினார். 1964 மார்ச்சில் இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம், பின்னால் வந்த நாட்டுச் சட்டமே செல்லும் என்றது. ஜூலையில் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், இல்லை, ஐரோப்பிய சமூகத்தின் சட்டத்துக்கே முதலிடம் என்றது. இத்தனைக்கும் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது!

சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து பொருளாதாரம் படிக்கும் ஒரு பெண், "அவருக்கு அந்தப் பழைய கம்பெனியில் பங்கு இருந்ததா?" என்றாள். இருந்தது. வரலாறு படிக்கும் பையன் ஒருவன், சோஷலிஸ்டுகளின் ஆதரவு வேண்டித்தான் அன்றைய அரசு மின்சாரத்தை அரசுடைமையாக்கியது என்று எடுத்துக்கொடுத்தான். அப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர்களே வாதாடினார்கள். நாட்டுச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்தோடு முரண்பட்டால் சாதாரண நீதிபதியே அதை ஒதுக்கிவைக்கலாம் என்று அந்த இத்தாலிய நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1984 ஆகிவிட்டதே, ஏன்? இதற்குத் தனியாக எந்தத் துறையிலும் பதில் இல்லை செல்வம், நான் இந்தப் பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

அடுத்து 1979 வழக்கு, காசிஸ் தெ திஜோன் என்ற பிரெஞ்சு பழமதுவைப் பற்றியது. பழமதுவில் 25 சதவீத ஆல்கஹாலாவது இருந்தால்தான் விற்கலாம் என்று ஜெர்மனி பிரெஞ்சு பாட்டிலைத் தடுத்த கதை. அந்த 25-ஆல் யாருக்கு லாபம் என்பதைப் பொருளாதாரம் படிக்காத பிள்ளைகளுக்கு நீயாக இருந்தால் எப்படி விளக்குவாய்? செவ்வாய்க்கிழமை வகுப்பு, அதற்குள் எழுது.

அன்புடன்,
ரவி