சத்தம் எப்போது வருகிறது என்று கவனி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செகண்ட் ஹேண்டில் குட்டி யானை (டாடா ஏஸ்) வாங்கி, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே ஒட்டன்சத்திரத்தில் முருங்கை வரத்து அதிகம். ராத்திரி லோடு, பகலில் தூக்கம் என்று ஓடுகிறது. மூத்தவள் பிளஸ் டூ எழுதப் போகிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டினால் ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது என்று எழுதியிருந்தாய். சத்தம் எப்படி இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். எப்போது வருகிறது, என்ன செய்தால் மாறுகிறது என்று கவனித்துச் சொன்னால், எந்த மெக்கானிக்கும் தேவையில்லாததைக் கழற்ற மாட்டார்.

ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில், ஐம்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கிளட்சை மிதித்துப் பார். சத்தம் அப்படியே தொடர்ந்தால் இன்ஜின்மேல் பழி இல்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. டயர் என்றால் ரோடு மாறும்போது சத்தமும் மாறும். புதுத் தார் ரோட்டில் அடங்கும், சொரசொரப்பான ரோட்டில் கூடும். பின் அச்சில் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரம் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், விடும்போது வேறு மாதிரியும் ஊளையிடும். சக்கரத்தைத் தடையில்லாமல் சுற்ற வைக்கிற வீல் பேரிங் கெட்டிருந்தால் வளைவில்தான் காட்டிக்கொடுக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடது பேரிங்மேல். வலது வளைவுகளில்தான் அதிகமாகக் கேட்கிறது என்று நீயே கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதனால் முன் இடது சக்கரத்தை முதலில் ஜாக்கியில் தூக்கு. கையால் சுற்றினால் கரகரவென்று இருக்கிறதா, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கொடுக்கிறதா என்று பார். அதில் ஒன்றும் இல்லையென்றால் பின் இடது சக்கரம். கெட்ட பேரிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் சூடேறும், ஒரு நாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சக்கரமே கழன்று போகவும் கூடும்.

அடுத்தது இன்ஜின். நீ வாங்கியிருப்பது 2005-இல் வந்த அந்த முதல் மாடலின் இரண்டு சிலிண்டர் டீசல், 702 சிசி. அது நின்ற இடத்திலேயே குலுங்கிச் சடசடக்கிற சாதி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டீசல் தட்டு கொஞ்சம் பலமாகக் கேட்கும், சூடானதும் குறையும். அதற்குப் பயப்படாதே. வண்டி நன்றாக இருக்கும்போதே இந்தச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள், அப்புறம் புதிதாக எது வந்தாலும் தனியாகத் தெரியும். லேசான ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் வால்வைத் தள்ளுகிற டேப்பட், அட்ஜஸ்ட் செய்தால் போகும். ஆனால் லோடோடு மேடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று இடித்தால், கூடவே ஆயில் லைட்டும் மினுக்கினால், அந்த இடத்திலேயே நிறுத்து. மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. அது பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அப்போதே நிறுத்தினால் பேரிங்கோடு தப்பிக்க வாய்ப்பு உண்டு. விட்டால் கிராங்க்கையே கடைசலுக்குக் கொடுக்க வேண்டிவரும், ராட் முறிந்தால் பிளாக்கும் போச்சு.

ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்திவிட்டு அடங்கினால் பெல்ட் தளர்வு. கியர் போட்டு எடுக்கும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் அடியில் ‘டக்’ என்றால் பின் அச்சைச் சுற்ற வைக்கிற புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பைப் பார்க்கச் சொல். நியூட்ரலில் கேட்கிற கிர்ர் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்.

பிரேக் விஷயத்தில் மட்டும் நாள் தள்ளாதே. மழை பெய்த மறுநாள் காலையில் கேட்கிற கரகரப்பு இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும், அது வெறும் துரு. எப்போதும் இரும்பும் இரும்பும் உரசுகிற மாதிரி கேட்டால் லைனிங்கோ பேடோ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாச்சலூர் மலையிலிருந்து லோடோடு இறங்கும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுவேன், பிரேக் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே. அப்புறம், பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை இன்னொரு முறை டைட் வை. மெதுவாகப் போகும்போது சக்கரப் பக்கம் ‘கடக் கடக்’ என்றால் உடனே ஓரம் கட்டு.

அந்த பேரிங்கைப் பார்க்கும் வரை புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் லோடு ஒத்துக்கொள்ளாதே. வளைவும் இறக்கமும் சேர்ந்த ரோடு அது. வாடகை போனால் போகட்டும். மாற்றியதும் பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன், உருளையில் குழி விழுந்திருக்கிறதா, கிரீஸ் இல்லாமல் நீலம் பாரித்திருக்கிறதா என்று. கிரீஸ்தான் காரணம் என்றால் மற்ற சக்கரங்களையும் சேர்ந்தே கழற்றிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை